இன்னும் ஒரே ஆட்டம்!

"லாஸ் வேகாஸுக்கா போகணும்கிறே? அதுவும் தனியாவா?"

என் மகள் இப்படிக் கேட்டபோது அவள் கையிலிருந்த தோசைத் திருப்பி அந்தரத்தில் நின்றது. கல்லில் இருந்த தோசை கருகியது.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸில் அவள் வீட்டுக்கு நான் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கோயிலுக்குப் போகணும் என்றால் உடனே காரை எடுப்பாள். கடலைப் பார்க்கணும் என்றால் மாப்பிள்ளை லீவு போடுவார். ஆனால் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, உலகப் பிரசித்தி பெற்ற சூதாட்ட ஊருக்குத் தனியாகப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் தோசை கருகாது?

"பாட்டி சீட்டாடப் போறாங்க! நானும் வரேன்!" என்று பேரன் குதித்தான்.

"அங்கே 21 வயசு ஆகாதவங்களை ஆட விடமாட்டாங்கடா. உனக்கு இன்னும் 12 வருஷம் பாக்கி" என்றேன்.

மாப்பிள்ளைதான் கை கொடுத்தார். "போய்ட்டு வாங்க அத்தை. ஒரு கவர்ல 200 டாலர் போட்டுக்குங்க. அது தீர்ந்தா எழுந்து வந்துடுங்க. சினிமா டிக்கெட் வாங்கினதா நினைச்சுக்கலாம்."

எதற்காகப் போகிறேன் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா நல்லவர். குடி கிடையாது, கோபம் கிடையாது. ஆனால் காவேரிக் கரையில் எங்கள் ஊரில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. அங்கே ரம்மி ஆடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே போனால் அப்பாவுக்கு ஊர், உலகம், உற்றார் எல்லாம் மறந்துவிடும். அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எட்டு மணிக்கு என்னை அனுப்புவாள். நான் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அம்மா கூப்பிடுறாங்க" என்பேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் ஒரே ஆட்டம் கண்ணு. இதோ வந்துட்டேன்" என்பார். நான் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேன். அப்படியே தூங்கிப் போவேன். நடுராத்திரி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா வீடு திரும்புவார். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. பிறகு ரெட்டைவடம் சங்கிலி போயிற்று. எதுவும் திரும்பி வரவில்லை.

சீட்டைக் கையால் தொடுவதில்லை என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இன்றுவரை தொடவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சியில் தூங்கிய பெண்ணுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. கூப்பிடுகிற பிள்ளையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் விடாமல் ஒரு மனுஷரைப் பிடித்து வைக்கிற அந்த வஸ்துதான் என்ன?

ஒரு பிப்ரவரி மாதத்துக் காலையில் பஸ் ஏறினேன். மகள் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். "ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணு" என்று மூன்று தடவை சொன்னாள்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸ் சுமார் 270 மைல். முதல் மலைக் கணவாயைத் தாண்டியதும் பச்சை முடிந்துவிடுகிறது. மொஹாவே பாலைவனம் ஆரம்பிக்கிறது. பாலைவனம் என்றதும் மணல் மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வருமல்லவா? இங்கே அப்படியில்லை. சாம்பல் நிறத்தில் குத்துச் செடிகள், கை விரித்து நிற்கும் ஜோஷுவா மரங்கள், தூரத்தில் தோல் உரித்தாற்போல் மொட்டை மலைகள். வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் ஒரு வெப்பமானியைக் கோபுரம் போல நட்டு வைத்திருக்கிறார்கள். அதன் உயரம் 134 அடி. அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913ம் வருஷம் ஜூலை 10ந் தேதி 134 டிகிரி பாரன்ஹீட் வெயில் அடித்ததாம். உலகத்திலேயே அதிகமாகப் பதிவான வெப்பம் அது. வெயிலுக்கு ஒரு ஸ்தூபி!

இப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஊர் எப்படி முளைத்தது? 'லாஸ் வேகாஸ்' என்றால் ஸ்பானிஷ் பாஷையில் புல்வெளிகள் என்று அர்த்தம். ஒரு காலத்தில் இங்கே ஊற்றுக்கண்கள் இருந்தன. 1905ல் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் போட்டது. 1931ல் இரண்டு காரியங்கள் நடந்தன. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது; பக்கத்தில் கொலராடோ நதியில் இன்று ஹூவர் அணை என்று சொல்லப்படும் பிரும்மாண்டமான அணையைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், கையில் சம்பளம், பக்கத்திலேயே சூதாட்டம். அப்புறம் கேட்பானேன்? தொழிலாளர்களுக்காகச் சர்க்காரே போல்டர் சிட்டி என்று தனி ஊர் அமைத்து, அங்கே சூதாட்டம் கூடாது என்று விதித்தது. அந்தத் தடை இன்றைக்கும் அங்கே அமலில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தூரத்தில் இரண்டு ஊர்கள், இரண்டு தர்மங்கள்!

படங்களில் பார்க்கிற பெரிய ஹோட்டல் வரிசை இருக்கிறதே, அது உண்மையில் லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. நான் தங்கியது பழைய நகரத்தில், கூரை போட்ட பிரீமான்ட் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சுமாரான ஹோட்டல். அறைக்குப் போக வேண்டுமானால் சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். சாப்பாட்டுக்கும் அதே வழி, தெருவுக்கும் அதே வழி. கல்யாண மண்டபத்தில் எந்தப் பக்கம் போனாலும் பந்தியில் இடிப்பதுபோல, இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மெஷின் கண் சிமிட்டுகிறது. கூடத்தில் கடிகாரம் இல்லை. ஜன்னலும் இல்லை. வெளியே பொழுது விடிந்ததா அஸ்தமித்ததா என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஸ்லாட் மெஷின். முன்பெல்லாம் ஜெயித்தால் கலகலவென்று காசு கொட்டுமாம். இப்போது காசே கிடையாது. நோட்டை உள்ளே தள்ளினால் முடிவில் ஒரு காகிதச் சீட்டு வெளியே வருகிறது. காசு கொட்டும் சப்தத்தை மட்டும் மெஷினே போட்டுக் காட்டுகிறது! போட்ட பணத்தில் நீண்ட கால சராசரியாக நூற்றுக்கு 75 பங்காவது திருப்பித் தர வேண்டும் என்பது நெவாடாவின் விதி. அதற்கு மேலும் பல மெஷின்கள் தருகின்றன. என் மெஷினுக்கு அந்தச் சராசரியெல்லாம் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் 40 டாலரை முழுங்கிவிட்டு, 'மறுபடியும் வருக' என்று விளக்கைப் போட்டது.

கவரில் 160 டாலர் மிச்சம். ரூலெட் மேஜைக்குப் போனேன். சீட்டுக் கிடையாது, சக்கரந்தானே? அம்மாவுக்குச் செய்த சத்தியத்துக்குப் பங்கமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வக்கீலாகப் போயிருக்கலாம்.

மேஜையில் பணத்தை வைத்து ஆட முடியாது. அதற்குப் பதில் வட்டமான வில்லைகள் தருகிறார்கள். அவற்றுக்குச் சிப்ஸ் என்று பெயர். வாழைக்காய் வறுவல் நினைப்பில் போகிறவர்கள் ஏமாறுவார்கள்! நூறு டாலருக்கு வாங்கினேன்.

ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. இவை தவிர, பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யமும் ஓர் இரட்டைப் பூஜ்யமும் உண்டு. ஆக மொத்தம் 38 குழிகள். நாம் சொன்ன எண்ணில் குண்டு விழுந்தால் ஒரு டாலருக்கு 35 டாலர் கொடுப்பார்கள். போட்ட டாலரும் திரும்ப வரும். இப்போது என் மாணவிகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். எல்லா எண்களிலும் ஒவ்வொரு டாலர் வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நம் கையிலிருந்து போனது 38. எது விழுந்தாலும் கைக்கு வருவது 36. மிச்சம் 2 டாலர் மேஜைக்காரனுக்கு. நூற்றுக்கு ஐந்தே கால் டாலருக்குச் சற்று மேல். இதில் திருட்டு இல்லை, தில்லுமுல்லு இல்லை. அந்த ஊரின் மாடமாளிகைகள் எல்லாம் இப்படிச் சில்லறைச் சில்லறையாகச் சேர்ந்து எழும்பியவை. சில மேஜைகளில் மூன்றாவதாக ஒரு பூஜ்யத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே மேஜைக்காரனின் பங்கு நூற்றுக்கு ஏழரையையும் தாண்டுகிறது.

இவ்வளவும் தெரிந்த நான், சிவப்பின் மேல் 10 டாலர் வைத்தேன். சிவப்பு விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி சிவப்பு. ஒரு மணி நேரத்தில் என் முன்னால் 210 டாலர் வில்லைகள் அடுக்காக நின்றன! காது மடல் சூடாயிற்று. மகளுக்கு ஒரு புடவை, பேரனுக்கு ஒரு சைக்கிள் என்று மனசுக்குள் கடை வீதியே திறந்துவிட்டது.

பிறகு கறுப்பு விழ ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து தடவை! மேஜைப் பக்கத்தில் ஒரு பலகையில் இதுவரை விழுந்த எண்களையெல்லாம் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். 'ஐந்து கறுப்பு ஆகிவிட்டது. இனிமேல் சிவப்புதான் விழ வேண்டும்' என்று மனசு அடித்துச் சொல்லியது.

வாசகர்களே, 31 வருஷம் நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடம் என்ன தெரியுமா? சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. முந்தின தடவை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் சிவப்புக்கு 38ல் 18 பங்கு வாய்ப்புத்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1913ல் மான்டி கார்லோ நகரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்து, சிவப்பை நம்பியவர்களெல்லாம் துண்டைப் போட்டுக்கொண்டு போன கதையைக் கூட வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் பத்தை இருபதாக்கினேன். இருபதை நாற்பதாக்கினேன். வில்லை அடுக்குகள் கரைந்தன. கவரில் மிச்சமிருந்த 60 டாலரும் போயிற்று. எழுந்து போயிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? கூடத்து மூலையிலிருந்த ஏ.டி.எம். மெஷினுக்குப் போய், என் சேமிப்பிலிருந்து இன்னொரு 100 டாலர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். போகும்போது முழங்கால் வலித்தது. திரும்பி வரும்போது வலிக்கவில்லை.

கடைசி வில்லைகளை வைக்கும்போது ஏதோ முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் அகலத் தொப்பி வைத்திருந்த பெரியவர், "பிரார்த்தனையா, அம்மணி?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அப்போதுதான் என் குரல் என் காதில் விழுந்தது. தமிழில், அட்சரம் பிசகாமல் நான் சொல்லியிருந்தது: "இன்னும் ஒரே ஆட்டம்."

குண்டு சுழலும் அந்தச் சில விநாடிகளில் எனக்கு மகள் இல்லை, பேரன் இல்லை, வயசு இல்லை. கடன், கவலை, நாளைக்கு என்ன என்கிற நினைப்பு, எதுவுமே இல்லை. அப்பா என் முகத்தைப் பார்க்க மறுத்தார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் அங்கே இருந்தால் அல்லவா பார்ப்பதற்கு?

குண்டு இரட்டைப் பூஜ்யத்தில் விழுந்தது. சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை!

அறைக்கு வந்து கைப்பையைத் திறந்தேன். மணி இரவு ஒன்று பத்து. போனில் மகளிடமிருந்து ஐந்து அழைப்புகள். ஒன்றுகூட என் காதில் விழவில்லை. 'அசதியில் தூங்கிப் போய்விட்டேன், கண்ணு' என்று செய்தி அனுப்பினேன். அரை நிமிஷத்தில் பதில் வந்தது. அவள் தூங்கியிருக்கவில்லை.

மறு நாள் பூராவும் ஊரைச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கு அந்த ஊரில் இன்னொரு மணி நேரம் இருக்கவும் பிடிக்கவில்லை. இருந்தால் எங்கே போவேன் என்பதும் தெரியும். காலையில் ஒரு சிறிய காரை வாடகைக்கு எடுத்தேன். நம் ஊரில் இருபது வருஷம் கார் ஓட்டியவள் நான். சர்வதேச லைசென்ஸும் கையில் இருந்தது. ஆனால் இங்கே எல்லாம் தலைகீழ். ஸ்டியரிங் இடப்பக்கம், ரோட்டில் போவது வலப்பக்கம். "வலது, வலது" என்று நாமஜபம் பண்ணிக்கொண்டே மேற்கே புறப்பட்டேன். பின் ஸீட்டில் நான்கு காலன் தண்ணீர். மரணப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலனாவது வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பயம் நான்கு மடங்கு.

பாரம்ப் என்ற ஊரைத் தாண்டி, கலிபோர்னியா எல்லைக்குள் நுழைந்ததும் ஒரு நாற்சந்தி. பெயர் டெத் வாலி ஜங்ஷன். வெண்காரம் வெட்டி எடுத்த கம்பெனி ஒன்று 1920களில் கட்டிய நீளமான வெள்ளைக் கட்டடம், சுற்றிலும் சூனியம். அதன் கோடியில் 'அமர்கோஸா ஆபெரா ஹவுஸ்' என்று எழுதியிருக்கிறது. பாலைவனத்தில் நாடகக் கொட்டகையா என்று வண்டியை நிறுத்தினேன்.

1967ல் மார்த்தா பெக்கட் என்ற நியூயார்க் நாட்டியக்காரி கணவருடன் இந்தப் பக்கம் வந்தார். வண்டி டயர் பஞ்சர். அதை ஒட்டுகிற நேரத்தில், பாழடைந்து கிடந்த இந்தக் கூடத்தின் கதவு ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். மாதம் 45 டாலர் வாடகை பேசி அங்கேயே தங்கிவிட்டார்! கூரையைச் செப்பனிட்டு, தாமே உடை தைத்து, 1968ல் ஆட ஆரம்பித்தார். பார்க்க யார் வருவார்கள்? சில நாள் பத்துப் பேர். சில நாள் ஒருவரும் இல்லை. ஆள் வராவிட்டாலும் ஆடினார். பிறகு தூரிகையை எடுத்துச் சுவர் முழுவதும் சபையோரைத் தாமே எழுதினார். நடுவே ராஜா ராணி, சுற்றிலும் பிரபுக்கள், பாதிரிமார், கன்னிகாஸ்திரீகள், காளைச் சண்டை வீரர்கள். நாலு வருஷம் சுவர்கள், அதற்கப்புறம் மேல்தளம். 2012 வரையில் மேடை ஏறினார். 2017ல், 92 வயதில் காலமானார்.

ஒருவர் கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். காலி நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். சுவரிலிருந்த அத்தனை பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு டயர் பஞ்சரை நம்பி ஆயுசையே பணயம் வைத்த ஸ்திரீ! என் 300 டாலரைச் சொல்ல வெட்கமாயிருந்தது. அந்த அம்மாள் பந்தயத்தில் ஜெயித்தாரா, தோற்றாரா என்று கேட்டால் எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

அங்கிருந்து ரோடு இறங்கிக்கொண்டே போகிறது. ஜாப்ரிஸ்கி முனையில் மலைகள் மஞ்சளும் காவியுமாக மடிப்பு மடிப்பாக நிற்கின்றன, யாரோ புடவையை உதறிப் போட்டாற்போல. அதைத் தாண்டிப் பள்ளத்தாக்கின் அடிக்குப் போனால் பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே! வட அமெரிக்காவில் இதற்குக் கீழான நிலம் இல்லை. அண்ணாந்து பார்த்தால் குன்றின் மேல் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை. காலடியில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு, தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகப் பாளம் விட்டிருந்தது. வருஷத்துக்கு இரண்டு அங்குல மழை பெய்தால் அதிகம். 2023 ஆகஸ்டில் மட்டும் ஒரே நாளில் ஒரு வருஷத்து மழை கொட்டி, இந்த உப்பு வெளியில் ஓர் ஏரியே நின்றதாம். அதற்கு மேன்லி ஏரி என்று பெயர்.

யார் அந்த மேன்லி? 1849ல் கலிபோர்னியாவில் தங்கம் என்று கேள்விப்பட்டு நாடே கிளம்பியது. ஒரு வண்டிக் கூட்டம் குறுக்கு வழி ஒன்றை நம்பித் தடம் பிரிந்து, டிசம்பரில் இந்தப் பள்ளத்தில் வந்து சிக்கிக்கொண்டது. டிம்பிஷா ஷோஷோன் ஜனங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கோ தண்ணீர் எங்கே என்றுகூடத் தெரியாது. பெண்டு பிள்ளைகளோடு சிலர் ஓர் ஊற்றருகே தங்கினார்கள். வில்லியம் லூயிஸ் மேன்லி, ஜான் ரோஜர்ஸ் என்ற இரண்டு வாலிபர்கள் உதவி தேடி நடந்தே புறப்பட்டார்கள். இருந்த சொற்பப் பணத்தையும் அவர்களிடமே கொடுத்தனுப்பினார்கள். போகிறவர்கள் இருவருக்கும் அங்கே உறவு யாரும் இல்லை. 250 மைலுக்கு மேல் நடந்து, சோறும் தண்ணீரும் கண்ட பிறகு எவன் திரும்பி வருவான்?

இருபத்தாறு நாள் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள்! வாங்கிய குதிரைகளை வழியில் விட நேர்ந்தது. ஒற்றைக் கண் கோவேறு கழுதை ஒன்று மட்டும் மூட்டையோடு வந்து சேர்ந்தது. காத்திருந்த குடும்பங்கள் பிழைத்தன. மலையேறி வெளியேறும்போது திரும்பிப் பார்த்து, 'போய் வருகிறோம், மரணப் பள்ளத்தாக்கே' என்று விடைபெற்றார்களாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

உப்பின் மேல் கொஞ்ச தூரம் நடந்து போய் நின்றேன். சப்தமே இல்லை. முதல் நாள் ராத்திரி காதில் ஏறிய மெஷின் சங்கீதம் அங்கேதான் இறங்கியது. போனை எடுத்துப் பார்த்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மகள் கூப்பிட்டுக்கொண்டிருப்பாளே என்று அடி வயிறு கலங்கியது. திண்ணையில் அம்மா தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது அப்படியே கண் முன் வந்தது. நடையை எட்டிப் போட்டேன்.

பாரம்ப் ஊரை நெருங்கும்போதுதான் போன் உயிர் பெற்றது. பெட்ரோல் பங்கில் நிறுத்தி, முதல் காரியமாகக் கூப்பிட்டேன்.

"எங்கேம்மா போனே? காலையிலேருந்து கூப்பிடறேன்!"

"பாலைவனத்துக்குடி. அங்கே போன் எடுக்கலே."

"சாப்பிட்டியா? சரி, எவ்வளவு போச்சு?"

பெட்ரோல் பங்கின் உள்ளே, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில், நான்கு ஸ்லாட் மெஷின்கள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. என் கையில் சில்லறை ஐந்து டாலர் இருந்தது. முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "200தான். மாப்பிள்ளை சொன்ன மாதிரி கவரோட சரி" என்றேன்.

ஏ.டி.எம்.மில் எடுத்த நூறு டாலரையும், அன்று ராத்திரி ஒன்று பத்துக்கு நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையைத் தொடர்கதைக்காக வாராவாரம் தவறாமல் வரவழைத்துப் படிக்கிறவள் அவள். ஆகையால், இதை எழுதித் தபாலில் சேர்த்த கையோடு அவளுக்குப் போன் பண்ணலாம் என்றிருக்கிறேன்.